இதயத்தில் எடுத்த சதைத் துணுக்கு

பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சற்குணம் உடற்பயிற்சி ஆசிரியர். பிள்ளைகளுக்கு டிரில் சார். முப்பத்தாறு வயதுவரை உடம்புக்கு முடியவில்லை என்று விடுப்பு எடுத்தவர் இல்லை. இரண்டாயிரமாவது ஆண்டு மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் கிடந்தார்கள். யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. சில நாட்களில் காய்ச்சல் விட்டது, சற்குணம் பள்ளிக்குத் திரும்பினார்.

ஆனால் பழைய தெம்பு வரவில்லை. மாடியிலிருந்த ஆசிரியர் அறைக்கு ஏறும்போது பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். படுத்தால் மூச்சு அடைத்தது. முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினார். கால் வீங்கி கான்வாஸ் ஷூவுக்குள் நுழைய மறுத்தது. ஒரு நாள் மைதானத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தபோது கண் இருட்டி விழுந்தார். கணக்கு ஆசிரியர் ஷிபு தன் காரில் அவரையும் அவர் மனைவி ஜெயஷீலாவையும் ஏற்றிக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு விரட்டினார். நெய்யாற்றின்கரை வரைக்கும் சற்குணம் பேசிக்கொண்டுதான் வந்தார். அதன் பிறகு பேச மூச்சு போதவில்லை.

நகரத்தின் பெரிய மருத்துவமனை ஒன்றில் இதயப் பிரிவில் சேர்த்தார்கள். குழாய் விட்டுப் பார்த்ததில் ரத்தக்குழாய்கள் சுத்தமாக இருந்தன. ஆனால் இதயம் சுருங்கும் பலம் வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அது பெருத்து, தொய்ந்து, முறை தவறித் துடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் ஷைலஜாதான் அந்தப் பிரிவின் பொறுப்பில் இருந்தார். மலையாளியான அவர் தமிழ் நோயாளிகளிடம் தனக்குத் தெரிந்த தமிழில் பேசுவார். பால் சொசைட்டியில் கிளார்க்காக இருந்த ஜெயஷீலாவுக்கு இரண்டு மொழியும் ஒன்றுதான்.

"இது ஹார்ட் அட்டாக் அல்ல," என்றார் டாக்டர். "இதயத்தோட சதையில வீக்கம். காய்ச்சலுக்குப் பின்னால சிலருக்கு வரும். கூடுதல் பேருக்கு அது தன்னாலே குறையும், நாம தாங்கிக் கொடுத்தா மதி, அது போதும். ஆனா இதிலே வேறொரு வகை உண்டு. அபூர்வம்தான். அதாக்கும்னா காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் நஷ்டம். ரெண்டும் வெளியே இருந்து பார்த்தா ஒண்ணு போல இருக்கும்."

"எதுண்ணு எப்படித் தெரியும்?"

"கழுத்து நரம்பு வழியா ஒரு கம்பியை உள்ளே விட்டு, இதயத்திலே இருந்து சின்னச் சின்னத் துணுக்கா எடுக்கணும். மைக்ரோஸ்கோப்ல பார்த்தா தெரியும். அதிலேயும் ஆபத்து உண்டு. இதயம் ஓட்டையாகலாம். அதையும் நான் சொல்லாம இருக்கக் கூடாது."

ஜெயஷீலா பதில் சொல்வதற்குள் பக்கத்தில் நின்ற எலிசாள் குறுக்கிட்டாள். சற்குணத்தின் அக்கா. தாய் இறந்த பிறகு தம்பியை வளர்த்தவள். அவனுக்காகவே கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்துவிட்டாள் என்றுதான் ஜெயஷீலாவிடம் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். காலையில் பஸ் பிடித்து வேதப்புத்தகத்தோடு வந்திருந்தாள்.

"அவன் மூச்சு விட ஏலாம கிடக்கான். அவனுக்க நெஞ்சில இருந்து சதையைக் கிள்ளி எடுக்கணுமா? வேண்டாம் ஷீலா. வீட்டுக்குக் கொண்டு போவோம். சபையில சொல்லி ஜெபம் வைப்போம்."

"ஜெபம் நீங்க பண்ணுங்க மைனி," என்றாள் ஜெயஷீலா. "நான் ஒப்பு போடுதேன்."

கையெழுத்துப் போடும்போது அவள் எலிசாளைப் பார்க்கவில்லை. எலிசாள் வராந்தாவின் மறுகோடிக்குப் போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். துணுக்குகள் எடுத்து முடித்து சற்குணத்தைத் திரும்ப வார்டுக்குக் கொண்டுவரும்வரை அங்கேயே நின்றாள்.

திசுக்களைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் பத்தாலஜி டாக்டர் சேஷன். கரமனை அக்ரகாரத்துக்காரர். பொதுவாக அவர் நோயாளிகளைப் பார்ப்பதில்லை. அவர் அறைக்குக் கண்ணாடித் தகடுகளாகத்தான் ஆட்கள் வருவார்கள். மறுநாள் அவர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, வேறொரு சாயம் போட்டு மறுபடியும் பார்த்துவிட்டு, போனில் சொல்லாமல் தானே நடந்து வார்டுக்கு வந்தார். ஷைலஜாவிடம் சில நிமிடம் ஆங்கிலத்தில் பேசினார். பிறகு ஷைலஜா கேட்டுக்கொண்டதால் வராந்தா பெஞ்சில் இரண்டு பெண்களுக்கும் எதிரே உட்கார்ந்தார்.

"உங்களுக்குத் தமிழ்லயே சொல்றேன்," என்றார். "நம்ம ரத்தத்துல வெள்ளை அணுக்கள் இருக்கு. கிருமி வந்தா அதைக் கொல்றது அதோட வேலை. இப்போ அதுகள் இவரோட இதயத்துக்குள்ள புகுந்து, நல்ல சதையைக் கொன்னுண்டிருக்கு. நிறைய சதை ஏற்கெனவே செத்தாச்சு."

"கிருமி இருக்கதுனாலயா?" என்று கேட்டாள் ஜெயஷீலா.

"கிருமி ஒண்ணும் காணோம். காய்ச்சல் வந்தப்போ தொடங்கித்தோ, வேற எதனாலேயோ, அது யாருக்கும் தெரியாது. சாதாரண வீக்கத்துல சின்ன அணுக்கள்தான் இருக்கும். இவருக்குப் பல அணுக்கள் ஒண்ணா ஒட்டிண்டு பெரிசு பெரிசா நிக்கறது. அதைப் பாத்துட்டா காத்திருக்கப்படாது. அந்த அணுக்களை அடக்கற மருந்து உடனே தொடங்கணும். உலகத்துலயே கொஞ்சம் பேருக்குத்தான் இந்த வியாதி வந்திருக்கு. மருந்து கொடுத்தவாள்ல பாதிப் பேருக்கு மேல கொஞ்ச காலமாவது பொழைச்சா. கொடுக்காதவா அனேகமா பொழைக்கலை."

ஜெயஷீலா தலையசைத்தாள். சேஷன் எழுந்திருக்கவில்லை.

"இன்னொண்ணு கேக்கணும். இதே மாதிரி பெரிய அணுக்கள் காசநோய்லயும் வரும். நான் சாயம் போட்டுத் தேடினேன். காசக்கிருமி கண்ணுல படலை. ஆனா எங்கேயாவது ஒளிஞ்சிண்டிருந்தா, இந்த மருந்து கொடுத்ததும் அது கிளம்பிடும். அடக்கி வெக்க ஆள் இருக்காது. உங்காத்துல யாருக்காவது எப்பவாவது காசம் இருந்துதா?"

"இல்ல சார்," என்றாள் ஜெயஷீலா. "அவிய வீட்டில அப்படி யாரும் இல்ல."

எலிசாள் மடியிலிருந்த வேதப்புத்தகத்தின் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் தனியாகக் கேட்கவில்லை. அவள் பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பேச்சு அதோடு முடிந்திருக்கும்.

"இருந்துது," என்றாள். "எனக்காக்கும். பதினேழு வயசில. ரத்தமா துப்பினேன். ஆஸ்பத்திரியில அநேக மாசம் கிடந்தேன். அதுக்கு முன்னால எத்தற நாள் இருமிக்கிட்டு நடந்தேனோ தெரியாது. அம்மை செத்து ஒரு வருசம். அவன் சின்னப் பய, ஒற்றைக்கு உறங்க மாட்டான். எனக்க கூடத்தான் படுப்பான்."

சற்று நிறுத்திவிட்டு, "இது சபையில யாருக்கும் தெரியாது. அப்பன் ஒருத்தருட்டயும் சொல்லக் கூடாதுண்ணுட்டாரு," என்றாள்.

பெண் பார்க்க வந்தவர்களை எல்லாம் எலிசாள் ஏன் திருப்பி அனுப்பினாள், ஏன் தனியாக ஒரு வீட்டில் இருக்கிறாள், குழந்தைகளைத் தூக்கினால் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்பதெல்லாம் ஜெயஷீலாவுக்கு அப்போது புரிந்தது.

சேஷன் ஷைலஜாவிடம் போய்ச் சொன்னார். சற்குணத்தின் நெஞ்சு எக்ஸ்ரேயை மறுபடி விளக்குத் திரையில் மாட்டிப் பார்த்தார்கள். வலது நுரையீரலின் மேல்பக்கத்தில் சுண்ணாம்புப் புள்ளி போல ஒரு சிறு வெள்ளைத் தழும்பு. முதலில் யாரும் அதைப் பொருட்படுத்தியிருக்கவில்லை. சிறுவயதில் உள்ளே புகுந்த கிருமியை அவருடைய வெள்ளை அணுக்கள் வளைத்துக் கட்டி முப்பது வருடமாக அங்கேயே வைத்திருந்தன. இப்போது அதே அணுக்களைத்தான் அடக்க வேண்டியிருந்தது. மூன்று மருந்துகள் தொடங்கப்பட்டன. முன்காப்பாகக் காசநோய் மாத்திரை ஒன்றும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

மருந்து வேலை செய்தது. முதலில் கால் வீக்கம் வடிந்தது. பிறகு படுத்துத் தூங்க முடிந்தது. பிறகு நர்ஸின் தோளைப் பிடிக்காமல் குளியலறை வரை நடந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பியபோது ஷைலஜா ஜெயஷீலாவிடம் சொன்னார்: "கூட்டத்தில் போகண்டா. சர்ச், கல்யாணம், ஒண்ணும் வேண்டாம். ஒரு சளிகூட இவருக்கு இப்போ பெரிய காரியம்."

எலிசாள் தன் வீட்டைப் பூட்டிவிட்டு அவர்களோடு வந்து தங்கினாள். தண்ணீரைக் கொதிக்க வைத்தாள், காய்கறியை உப்பு நீரில் கழுவினாள், வாசலுக்கு வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினாள். ஜெயஷீலா வேலைக்குப் போய் வந்தாள். மருந்துகளால் சற்குணத்தின் முகம் வட்டமாக ஊதியது. நெற்றியிலும் காதோரத்திலும் முடி அடர்ந்தது. ஈறு தடித்தது. டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கியது. ஒருமுறை ஷிபு ஜன்னலுக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போன பிறகு, "அவன் என்னைப் பார்த்துப் பேசல்ல, சுவரைப் பார்த்துப் பேசிட்டுப் போறான்," என்றார் சற்குணம்.

அப்படி ஏழெட்டு மாதம் போனது. பிறகு மாலையில் லேசான காய்ச்சல் வரத் தொடங்கியது. முகம் ஊதியிருந்ததால் கழுத்தில் எழுந்த கட்டியை முதலில் யாரும் பார்க்கவில்லை. தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட எலிசாளின் கைதான் அதைத் தொட்டது. வலி இல்லாத, வரிசையாகக் கோத்தது போன்ற நெறிக்கட்டிகள். அவளுக்கு அது என்னவென்று தெரியும். எண்ணெய்க் கையோடு வெளியே வந்து, "ஷீலா, நாளைக்கு டாக்டரைப் பாக்கணும்," என்றாள்.

கட்டியில் ஒன்றை எடுத்துச் சேஷனுக்கு அனுப்பினார்கள். காசநோய்தான். முன்காப்பு மாத்திரை அதைத் தடுக்கவில்லை. சிலருக்குத் தடுக்காது.

முடிவு தெரிந்த அன்று சற்குணம் ஒரு விஷயம் கேட்டார். சேஷனின் அறைக்குப் போய்த் தானே பார்க்க வேண்டும் என்றார். சேஷன் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்து, முதலில் கழுத்திலிருந்து எடுத்ததை மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். பிறகு முந்தைய வருடம் இதயத்திலிருந்து எடுத்ததை வைத்தார். நீலமும் சிவப்புமான ஒரு பரப்பில் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். சற்குணம் கண்ணை எடுக்காமல் வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு சார்."

"ஒண்ணுதான். கழுத்துல இருக்கறது கிருமியைச் சுத்தி வளைச்சிண்டிருக்கு. அதுதான் அது செய்யவேண்டிய வேலை. இதயத்துல கிருமியே இல்லை. அங்கேயும் அதே வேலையைச் செஞ்சிருக்கு."

"அப்ப மருந்து அதுகளுக்க கையைக் கட்டிப் போட்டது நல்லதா கெட்டதா?"

"இதயத்துக்கு நல்லது, கழுத்துக்குக் கெட்டது," என்றார் சேஷன். "நான் இதுக்கு மேல ஒண்ணும் சொல்லத் தெரியாதவன். ஷைலஜாகிட்டப் பேசுங்கோ."

ஷைலஜா மறைக்காமல் சொன்னார். அணுக்களை அடக்கும் மருந்தை நிறுத்தினால் உடம்பு காசநோயோடு போராடும். ஆனால் இதயத்தை மறுபடி தாக்கலாம். நிறுத்தாவிட்டால் இதயம் தாங்கும். காசநோய் மூளைக்குப் பரவலாம். இன்னொரு சிக்கலும் இருந்தது. காசநோய்க்கான மிகப் பலமான மருந்து, இதயத்துக்காகக் கொடுக்கும் மாத்திரையை ரத்தத்தில் நிற்கவே விடாது. அதற்குப் பதிலாக வேறு மருந்து கொடுத்தால் குணமாக அதிக மாதம் பிடிக்கும்.

"என்ன செய்யணும்ணு நீங்களே சொல்லுங்க டாக்டர்," என்றாள் ஜெயஷீலா.

"புஸ்தகத்திலே இதுக்கு உத்தரம் இல்லை. நான் சொன்னா அது என்னோட ஊகம் மாத்திரம்."

எலிசாள்தான் பேசினாள். அவள் ஷைலஜாவிடம் நேராகப் பேசியது அநேகமாக அதுதான் முதல் முறை.

"காசத்தில நான் கிடந்திருக்கேன் டாக்டரம்மா. அந்தக் காலத்தில ஊசியும் மாத்திரையுமா வருசக் கணக்கில தின்னேன். பிழைச்சேன். பைய பதுக்கத்தான் போகும், ஆனா போகும். நெஞ்சு நிண்ணுபோனா பிறகு என்ன செய்ய ஏலும்? நெஞ்சைக் காப்பாத்துங்க."

சற்குணம் அக்காவையும் மனைவியையும் பார்த்தார். "நடுவில ஒரு வழி உண்டுமா?" என்று கேட்டார்.

உண்டு என்றார் ஷைலஜா. மூன்றில் ஒரு மருந்தை முற்றிலும் நிறுத்துவது, மற்ற இரண்டையும் குறைந்த அளவில் தொடர்வது, காசநோய்க்கு மெதுவாக வேலை செய்யும் மருந்துகளைக் கொடுப்பது. இதயம் என்ன செய்யும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. சற்குணம் அதற்குச் சம்மதித்தார்.

அன்று வீடு திரும்பியதும் எலிசாள் தன் துணிகளைப் பையில் அடுக்கத் தொடங்கினாள். ஜெயஷீலா கதவருகில் நின்று பார்த்தாள்.

"எங்கே போறிய மைனி?"

"எனக்க வீட்டுக்கு. எனக்க கையால இவனுக்குச் சோறு போட எனக்குப் பிடிக்கல்ல. நான் கொடுத்த காசத் தீனம்தான் இது."

சற்குணம் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்து கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தார்.

"அக்கா, எனக்கு ஆறு வயசு. ஒனக்குப் பதினேழு. யாரு யாருக்குக் கொடுத்ததுண்ணு இப்ப எதுக்கு. நீ அண்ணைக்குச் சொன்னதுனாலயாக்கும் கழுத்தில கட்டி வந்ததும் டாக்டர் உடனே சந்தேகப்பட்டது. சொல்லாம இருந்திருந்தா இவங்க வேற எதையோ தேடிக்கிட்டு இருந்திருப்பாங்க."

ஜெயஷீலா பையிலிருந்து துணிகளை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள். "சாயங்காலத்துக்குக் கஞ்சி வைக்கணும்," என்றாள். எலிசாள் எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

இரண்டு மாதம் கழித்து, பரிசோதனைக்காக வார்டில் இருந்தபோது, சற்குணத்தின் இதயம் திடீரென்று கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கியது. பேச்சின் நடுவே கண் செருகியது. மின்சாரம் கொடுத்துத்தான் அதை நிலைக்குக் கொண்டுவந்தார்கள். விழித்தபோது நெஞ்சில் இரண்டு இடத்தில் தோல் சிவந்திருந்தது. ஜெயஷீலாவைப் பார்த்து, "நான் என்ன சொல்லிட்டு இருந்தேன்?" என்று கேட்டார். பால் சொசைட்டியில் அவளுக்குக் கிடைக்க வேண்டிய பதவி உயர்வைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கழுத்து வழியாக மறுபடியும் துணுக்கு எடுத்தார்கள். இந்தத் தடவை எலிசாள் ஒன்றும் மறுக்கவில்லை. அணுக்கள் திரும்ப வந்திருக்கும் என்றுதான் ஷைலஜா எதிர்பார்த்தார். ஆனால் சேஷன் தகட்டில் கண்டது பெரும்பாலும் தழும்பு. அங்கங்கே சில அணுக்கள், பெரிய அணு ஒன்றே ஒன்று. தாக்குதல் அநேகமாக ஓய்ந்திருந்தது. அது விட்டுப்போன தழும்புதான் துடிப்பைத் தடுமாற வைத்தது. செத்த சதை திரும்ப வளராது. மிச்சமிருக்கும் சதையை வைத்துத்தான் அவர் வாழ வேண்டும்.

துடிப்பைக் கண்காணித்து வேண்டும்போது அதிர்வு கொடுக்கும் சிறிய கருவியை நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைத்தார்கள். கழுத்துக் கட்டிகள் மெதுவாகச் சுருங்கின. காசநோய் மருந்து ஒன்றரை வருடம் நீண்டது. அது முடிந்தபோது கழுத்தில் ஒரு சுருங்கிய வடு மட்டும் நின்றது. முகம் பழைய அளவுக்கு இறங்கியது.

பள்ளிக்கூடத்தில் அவருக்கு நூலகத்தின் பொறுப்பைக் கொடுத்தார்கள். மைதானத்துக்கு வேறு ஆள் வந்தார். அதில் அவருக்கு வருத்தம் இருந்தது. முதல் வருடம் விளையாட்டு நாளன்று விடுப்பு எடுத்துக்கொண்டார். அடுத்த வருடம் போய் நிழலில் உட்கார்ந்து பார்த்தார். வேகமாக நடந்தால் இன்னும் மூச்சு வாங்கியது. மாடிப்படி ஏறக் கூடாது என்பதால் நூலகத்தையே கீழ்த்தளத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு வழக்கமான பரிசோதனையின்போது ஷைலஜா எக்கோ படத்தைப் பார்த்துவிட்டு, மூன்று வருடமாக எந்த மாற்றமும் இல்லை என்றார். மிச்சமிருக்கும் இரண்டு அடக்கும் மாத்திரைகளையும் மெதுவாகக் குறைத்துப் பார்க்கலாமா என்று தான் யோசிப்பதாகச் சொன்னார். அவை எலும்பையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்டிருந்தன.

"அந்த அணுக்க எல்லாம் போயாச்சா டாக்டர்? இல்ல, சும்மா கிடக்கா?" என்று சற்குணம் கேட்டார்.

"தெரியாது. சிலருக்கு வருஷங்கள் கழிஞ்சு நிறுத்தினப்போ திரும்ப வந்திருக்கு. சிலருக்கு வரலை. யாருக்கு வரும்னு முன்கூட்டிப் பார்க்க வழியில்லை."

முடிவு செய்ய அவகாசம் கேட்டுக்கொண்டு மூவரும் வெளியே வந்தார்கள். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் பாறசாலை பஸ்ஸுக்காக நின்றபோது, குறைத்துப் பார்க்கலாம் என்றார் சற்குணம். எலும்பு போனால் என்ன, சிறுநீரகம் போனால் என்ன, மாத்திரையைத் தொடக் கூடாது என்றாள் ஜெயஷீலா. எலிசாள் யார் பக்கமும் பேசவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவர்கள் அதைப் பற்றியே பேசினார்கள். பாலராமபுரம் வந்தபோது, ஒரு மாத்திரையில் கால் பங்கை மட்டும் குறைப்பது, ஒரு மாதம் பார்ப்பது, அவருக்கு மூச்சில் சிறிய மாற்றம் தெரிந்தாலும் மறைக்காமல் சொல்வது என்று ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள்.

"மறைக்க மாட்டேன்," என்றார் சற்குணம்.

"மறைச்சா எனக்குத் தெரியும்," என்றாள் ஜெயஷீலா. பிறகு, அப்போதுதான் அவர்கள் இருக்கைக்கு வந்த கண்டக்டரிடம் மூவருக்கும் டிக்கெட் எடுத்தாள்.